ஐம்பது ஹெர்ட்ஸ்

புதிய வாளிக்காரன் அழகாயிருக்கிறான்.
வாளி விளிம்பில் வெயில் மின்னுகிறது,
தண்ணீர் தளும்புகிறது, நிழல்கூட விழுகிறது.
குதித்தால் மட்டும்
இறங்க மனசில்லாமல் மிதக்கிறான்,
பல்லடத்து ஆடிக்காற்றில் சிக்கின கேரிபேக் மாதிரி.

மூன்றாவது பாலத்தில் செத்தேன்.
பதினோரு தடவை.
எட்டு வயசில் முறுக்குத் தின்றுகொண்டே தாண்டின பாலம்.

"கை மறந்துபோச்சாட்ட இருக்குதுங்க்கா" என்றான்
நல்லூரில் நிட்டிங் மிஷின் ஓட்டும் சென்னியப்பன்.
அப்புறம் அவன் உட்கார்ந்தான்.
அவனும் செத்தான்.
"கையில்லீங்க. பூமி மாறிப்போச்சு."

எனக்கு வேலை சாயப்பட்டறை லேபில்.
விளக்குப் பெட்டிக்குள் நம் நீலத்தையும்
பையர் அனுப்பின நீலத்தையும் ஒட்டிவைத்து
துளி சிவப்பு ஏறியிருக்கிறது என்று சொல்வேன்.
திருப்பி நனைப்பார்கள், திட்டிக்கொண்டே.
'ஏதோ வித்தியாசம்' என்று விட்டுவிட
எனக்குச் சம்பளம் கிடையாது.

காங்கயம் ரோட்டில் பர்வீஸிடம்
அந்தக் காலத்துப் பெட்டி இருந்தது,
வயிறு பெருத்த டிவியும்.
மஞ்சள் கேசட்டை ஊதிச் செருகினோம்.
மேலே ஒட்டின ஜப்பான் எழுத்து
இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது.
வாளிக்காரன் என்பது நாங்கள் வைத்த பேர்.

நூல் கோனில் போனைச் சாய்த்து
நொடிக்கு இருநூற்று நாற்பது படம் எடுத்தோம்.
கால் தரையை விட்டதிலிருந்து
திரும்பப் பதிகிறவரை எண்ணினோம்.
பழையது நூற்று எண்பத்திரண்டு.
புதியது இருநூற்றுப் பதினொன்று.
நடுவில் மங்கலம் பீடரில் கரண்ட் போச்சு,
முதலிலிருந்து எண்ணினோம்.

புது விளையாட்டின் வயிற்றைத் திறந்தால்
உள்ளே ஒரு வரியில் பூமி:
0.62.
அழித்து 0.83 என்று எழுதினேன்.
உந்தும் வேகத்தையும் கொஞ்சம் கூட்டினேன்,
இல்லாவிட்டால் கூரை எட்டாது.

தாண்டினான்.
சென்னியப்பன் நாற்காலியைவிட்டு எழுந்து
ஒன்றும் பேசாமல் சுவரைக் குத்தினான்.
இரவு ரெண்டே முக்காலுக்கு
எங்கள் பூமியை உலகத்துக்கு அனுப்பினோம்.

விடிந்தபோது ஒசாகாவிலிருந்து ஒருவர்,
ரொம்ப மரியாதையாக:
உங்கள் எண் தப்பு.
அசல் நூற்று ஐம்பத்திரண்டு படம்தான்.
நானும் எண்ணினேன்.

பர்வீஸ் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தான்.
"அவிங்க டிவி நொடிக்கு அறுபதுக்கா.
நம்மூட்டுது அம்பது.
படத்துக்கு ஒரு அடிதான் வெப்பான் அவன்.
படம் கொறஞ்சா
விழறதும் மெதுவாத்தானே?"

ஆக, நாங்கள் சத்தியம் பண்ணின அசல்
எங்களிடம் வரும்போதே மாறியிருந்தது.
யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை.
சுவரிலிருந்து வந்த மின்சாரத்துக்கு இசைந்த ஒரு டிவி,
அதற்கு இசைந்த ஒரு பெட்டி,
அதற்கு இசைந்து பழகின எங்கள் கட்டைவிரல்.

1.19 போட்டுப் பார்த்தோம்.
கல் மாதிரி விழுந்தான்.
சென்னியப்பன் நாலாவது தடவை செத்து
"இது அவிங்க பூமிங்க" என்று
ரிமோட்டை என் மடியில் வைத்தான்.

லேபிலும் இது உண்டு.
டியூப்லைட்டில் ஒத்துப்போகிற ரெண்டு நீலம்
வெயிலில் போனால் பகையாளி.
எது நிஜ நீலம் என்று பையரிடம் கேட்கக் கூடாது.
எந்த விளக்கில் என்று கேட்க வேண்டும்.

ரெண்டையும் வைத்தோம், தேர்ந்துகொள்ளலாம் என்று.
முதலாவதின் பேர் அசல்.
இரண்டாவதற்கு என்ன பேர் என்று
ரெண்டு டீக்குச் சண்டை போட்டு
கடைசியில் திருப்பூர் என்றே எழுதினோம்.

நாற்பத்தோரு பேர் இறக்கியிருக்கிறார்கள்.
கராச்சியிலிருந்து ஒருத்தர் ஒரே வரி:
திருப்பூர்தான் சரி. என் தம்பி அழுதான்.

இறங்கினதும் ரெண்டு புள்ளி வழுக்குகிறான் இன்னமும்.
பழையதில் வழுக்க மாட்டான்.
சென்னியப்பனுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட்.
ஞாயிற்றுக்கிழமை பார்க்கணும்.