அளவு தேறாதவை

அரோசா கழிமுகத்தில் கடல் விலகும் நேரம்
அட்டவணையில் அச்சாகியிருக்கும்.
என் நேரமும் அப்படித்தான்:
ஆறு மாதத்துக்கு ஒரு முறை
பொந்தேவெத்ரா மருத்துவமனை, இரண்டாம் தளம்,
குளிர்ந்த களிம்பு.

முதலில் சாதாரண நார்க்கட்டி என்றார்கள்.
நான்கு மாதத்தில் எலுமிச்சை அளவு.
வெட்டி எடுத்ததைச் சீவிக் கண்ணாடியில் ஒட்டி
சந்தியாகோவுக்கு அனுப்பினார்கள்.
ஐந்து வாரம் கழித்து ஒரு பெயர் வந்தது: பிலோடிஸ்.
கிரேக்கத்தில் இலை மாதிரி என்று அர்த்தமாம்.
உருப்பெருக்கியில் இலை இலையாக விரியுமாம்.
"இலையைப் பற்றி எனக்கென்ன தெரியும் டாக்டர்,
நான் மட்டி பொறுக்குகிறவள்" என்றேன்.
நோகெரோல் சிரிக்கவில்லை.
இருபது வருஷத்தில் அவரே மூன்றுதான் பார்த்திருக்கிறாராம்.

புற்றா? இல்லை.
புற்று இல்லையா? அப்படியும் எழுத முடியாது.
எல்லையில் இருப்பது என்று இருந்தது தாளில்.
கரையும் இல்லாத கடலும் இல்லாத சேற்றில்
முப்பத்தோரு வருஷம் குனிந்து நின்றவளுக்கு
அந்த இடம் தெரியும்.
அங்கே வீடு கட்ட முடியாது என்பதும் தெரியும்.

ஓரம் சுத்தமாக இல்லை என்று
இன்னொரு சென்டிமீட்டர் எடுத்தார்கள்.
வாரி இழுத்த மணல்போல இடது பக்கம் ஒரு பள்ளம்.

இப்போது புதிதாக இரண்டு பேர்.
ஈரியா திரையில் கடிகாரம் வைத்துத்தான் முகவரி சொல்வாள்:
இரண்டு மணியில் ஒன்று, எட்டு மில்லிமீட்டர்.
ஏழு மணியில் ஒன்று, பதினொன்று.
போன செப்டம்பரிலும் பதினொன்றுதான்.
"இவள் சமர்த்து" என்றாள் ஏழு மணிக்காரியை.
நான் கூரைப் பலகையில் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தினமும் தொட்டுப் பார்க்காதே என்கிறார் டாக்டர்,
தினமும் தொடுகிற விரலுக்கு வளர்ச்சி தெரியாதாம்.
என் விரலிடம் யார் சொல்வது?
ஒரு சாண் மணலுக்கு அடியில்
கல் எது, வெற்று ஓடு எது, உயிர் எது என்று
பார்க்காமலே சொல்லிப் பிழைத்த விரல்.
சோப்புப் போடும்போது
அதுவாகவே போய் நிற்கிறது இரண்டு மணியில்.

ஒருநாள் வளையத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்,
மட்டி அளக்கும் வளையம்.
குளியலறையைத் தாழிட்டு, கண்ணாடி முன்னால்,
மார்பில் வைத்து...
"என்ன அங்கே சிரிப்பு?" என்றான் அமாரோ கதவுக்கு வெளியே.
சிரிப்பு இல்லை அது. சொல்லவில்லை.

வளையத்தில் நழுவி விழும் குஞ்சு மட்டியை
மணலுக்கே திருப்பித் தர வேண்டும், சட்டம்.
வளரட்டும் என்று விடுகிறோம்.
இவற்றையும் விட்டுத்தான் வைத்திருக்கிறோம்,
வேறு வேண்டுதலோடு.

அடுத்த முறை செப்டம்பர் பத்தொன்பது, காலை ஒன்பதரை.
அட்டவணையைப் பிரித்தால் அன்றைக்கு
வருஷத்தின் பெரிய வற்றம்.
ஒபுதுலியாவும் மற்றவர்களும் வாளி நிரப்பும் நேரத்தில்
நான் சட்டையைக் கழற்றி மடித்து வைத்திருப்பேன்.
தேதி மாற்ற முடியாதாம்.
தொலைபேசியில் கத்தினேன், அந்தப் பெண் பாவம்.
எத்தனையோ மாதம் கழித்து
கட்டிக்காக இல்லாமல்
மட்டிக்காகக் கோபம் வந்தது.
நன்றாகத்தான் இருந்தது.