எழுபதாவது நிமிடம்

எழுபதாவது நிமிடத்தில் பாக்கியநாதன் எழுந்துவிட்டான்.
நாற்காலி பின்னால் மடிந்து டொக் என்றது.
"இனிமே இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்தா
என் பேரை மாத்திக்கோ."
போன மாதமும் இதே பேரைத்தான் மாற்றச் சொன்னான்.
அதற்கு முன் தீபாவளிக்கு மறுநாள்.
கணக்குப் பார்த்தால் இந்த சீசனுக்கு மட்டும்
ஐந்து பேர் தேடி வைக்க வேண்டும் அவனுக்கு.

மூன்று பூஜ்யம்.
மூன்றாவதை நம் ஆளே போட்டுக்கொடுத்தான்,
யாரும் துரத்தாதபோது
திரும்பி நின்று, மிகப் பொறுப்பாக.
வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்த கோல்கீப்பர்
தண்ணி லாரி போனபின் வந்து சேர்ந்து
காலிக் குடத்தைத் தூக்குபவள் மாதிரி
கொஞ்ச நேரம் தெருவையே பார்த்தான்.

எங்கள் வரிசையில் முப்பத்திரண்டு பேர்.
மிச்சம் பதினொன்று.
டிரம் ஜான்பாஷாவுக்கு ஒரு குச்சி உடைந்துவிட்டது,
அந்தப் பக்கம் வெறுங்கையால் தட்டுகிறான்.
ஈ.பி. ஆபீஸ் கனகதுர்கா
நடுவரை விட்டுவிட்டு நேராக முதலாளியிடம் போய்விட்டாள்:
"முட்டி போன ஆளைக் கூட்டினு வந்தியே,
எக்ஸ்ரே எடுத்துப் பாத்தியாடா நீ?"
அந்த ஆளுக்கு ஏர்போர்ட்டில் போட்ட மாலை
அவள் வாங்கியது.
கோயம்பேட்டில், முந்நூறு ரூபாய்,
பேரம் பேசாமல்.

"கிரிக்கெட் ஊருல இருந்துக்கிட்டு
ஃபுட்பால், அதுவும் தோக்கறதைப் பாக்கவா?"
என்று கம்பெனியில் கேட்கிறார்கள்.
வியாசர்பாடிக்காரனிடம் இது ஒரு கேள்வியா
என்று வீராப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.
உண்மை அப்படி இல்லை.
ஆறு வருடம் முன்பு
யாரோ வராமல்போன டிக்கெட் ஒன்று சும்மா கிடைத்தது.
அன்று ஜெயித்தார்கள்.
அவ்வளவுதான் நடந்தது.

மனசில் இருப்பதைக் கத்தித் தீர்க்க ஒரு இடம்
என்று கனகதுர்கா விளக்கம் சொல்வாள்.
எனக்கு அதுவும் இல்லை.
வரும்போது நல்லாத்தான் வருகிறேன்.
கோபத்தை இங்கேதான்
காசு கொடுத்து வாங்கிப் போகிறேன்.

தூறல் பிடித்தது.
எண்பத்தாறில் ஒரு கார்னர்.
புதுப் பையன், சட்டையில் நாற்பத்தேழு,
இறங்கி நாலு நிமிடம் ஆகியிருக்கும்,
முதுகைக் காட்டி நின்றவன் மேல் பட்டு
பந்து உள்ளே போனது.
அவனுக்கே தெரியவில்லை.
நாங்கள் எல்லோரும் கொடிக்காரரைப் பார்த்தோம்.
கொடி எழவில்லை.

அதன்பின் எங்களைப் பார்த்தவர்கள்
கோப்பை வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.
கனகதுர்காவின் குடைக்கம்பி என் விலாவில் குத்தியது.
மூன்று ஒன்று என்றால் ஒன்றுமில்லை,
பட்டியலில் அதே கடைசி இடம்,
அதுவும் தெரிந்துதான்.

வெளியே பெரியமேட்டுத் தோல் வாசனை
மழையில் கனத்து இறங்கியிருந்தது.
பைக் ஸ்டாண்டில்
ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான் பாக்கியநாதன்.

"எண்பத்தாறு. கார்னர்ல இருந்து.
முதல்ல பொத்தினு நின்னுச்சு சத்தம்,
அப்புறம்தான் வெடிச்சுது.
கொடியைப் பாத்துட்டுக் கத்துனீங்க. சரியா?"

"நீ போகலையா?"

"வண்டி ஸ்டார்ட் ஆவல."

முதல் உதையில் ஸ்டார்ட் ஆனது.
நானும் கேட்கவில்லை.
புளியந்தோப்பில் தண்ணீர் சைலென்சர் வரைக்கும் நின்றது,
காலைத் தூக்கிக்கொண்டு ஊர்ந்தோம்.
ஒரு ஆட்டோ எங்கள் மேல் அலையடித்துப் போனது.

"யாரு போட்டது?"
"நாப்பத்தேழு."
"பேரு?"
எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச தூரம் சும்மா வந்தான்.
பிறகு ஹெல்மெட்டுக்குள்ளிருந்து,
"அவனை எதுக்குடா இத்தினி நாளு
பெஞ்சில குந்த வெச்சிருந்தானுங்க?"
என்று ஆரம்பித்தான்.

வீட்டுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.