நீல வாளி, பக்கம் 212

தென் சிலியில், மழை ஓயாத தீவொன்றின்
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்
அறுபது நாற்காலி போட்டோம்.
வந்தவர்கள் நாற்பத்தொரு பேர், மூன்று நாய்கள்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
நிறுவனம் தன் வரைபடத்தை விரித்தது.
சால்மன் குஞ்சுப் பண்ணை. அதன் கழிவுக் குழாய்.
லெபுக்காய் விரிகுடாவிலிருந்து ஓர் அம்புக்குறி
வெளிக்கடலுக்குப் போயிற்று,
கடன் வாங்கியவனைப் போல, திரும்பிப் பார்க்காமல்.

என் வேலை எழுதுவது.
சொன்னவர் பெயர், அடையாள எண், முகவரி, சொன்னது.
எராக்லியோவின் மகன் எத்தனை பேருக்கு வேலை என்று கேட்டான்.
எழுதினேன்.
இருமலுக்குக் கட்டம் இல்லை.
கடைசி வரிசையில் ஒரோசிம்போ பார்ரியா
எழுந்து, தொப்பியைக் கழற்றி,
ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தாரே,
அதற்கும் இல்லை.

எதுவினா ராயின் கடற்பாசி அள்ளுபவள்.
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், அதில் காயாத சேறு.
ஒலிவாங்கியைத் தள்ளிவிட்டுப் பேசினாள்:
"பிப்ரவரியில் என் நீல வாளி கைதவறிப் போயிற்று.
மூன்றாம் ஏற்றத்தில்
போன பாறையிடமே வந்து நின்றது.
உங்கள் அம்பு போன இடத்துக்கு
என் வாளி ஏன் போகவில்லை?"

ஆலோசகர் சிரித்தார், பண்பாகத்தான்.
படிவத்தில் 'தொழில்நுட்ப ஆதாரம்' என்றொரு கட்டம் உண்டு.
அதில் தட்டச்சினேன்: நீல வாளி.
மேலதிகாரி அதை அடித்தார்.
சொன்னதைச் சொன்னபடி என்ற விதியைக் காட்டினேன்.
என் வீரம் அவ்வளவே.
அன்றிரவு ஓய்வூதியத்தைப் பற்றி யோசித்துக் கிடந்தேன்.

எழுத்தில் ஏறிவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.
பதிலுக்காக மிதவைகளை விட்டார்கள்,
ஆரஞ்சு நிறம், ஒவ்வொன்றின் வயிற்றிலும்
என் ஆண்டுச் சம்பளத்துக்கு ஒரு கருவி.
மூன்றாம் ஏற்றத்தில்
பதினொரு மிதவைகள் அந்தப் பாறையருகே
பந்திக்கு முந்தியவர்கள் போல
இடித்துக்கொண்டு நின்றன.

குழாயை நகர்த்தினார்கள்.
லெபுக்காயில் ஆட்டுக்குட்டி சுட்டார்கள், என்னையும் கூப்பிட்டார்கள்.
அரசு ஊழியன் போகக் கூடாது.
போனேன்.

நகர்த்திய இடம் சாமில்கோ.
முனையைத் தாண்டித் தொள்ளாயிரம் மீட்டர்.
அறிவிப்பு செய்தித்தாளில் வந்தது, சட்டப்படி.
செய்தித்தாள் அங்கே செவ்வாய்ப் படகில் போகும்.
கெடு திங்களோடு முடிந்தது, அதுவும் சட்டப்படி.
'பெறப்பட்ட கருத்துகள்: இல்லை' என்று
நான்தான் எழுதினேன்,
ஒரு பிழை இல்லாமல்.

அழுத பிள்ளைக்குப் பால்.
அழாத பிள்ளைக்குக்
குழாய்.

எதுவினா நன்றி சொல்ல வரவில்லை.
கவுண்டரில் முழங்கையை ஊன்றிக் கேட்டாள்:
"அங்கிருந்து போட்டால் என் வாளி எங்கே போகும்?"
தெரியாது என்றேன்.
"தெரிந்த யாரையாவது கேட்டீர்களா?"
கெடு முடிந்துவிட்டது என்றேன்.
"கடலுக்கா?"
மேசைமேல் கிடந்த வெற்றுப் படிவக் கட்டை எடுத்து
ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டாள்.
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை.

படிவங்கள் படகில் நனைந்து கூழாகிவிட்டனவாம்.
மூன்று வாரம் கழித்துச் சாமில்கோவிலிருந்து வந்து இறங்கியவை
பதினேழு வாளிகள்.
சிவப்பு, பச்சை, பெயின்ட் டப்பா இரண்டு,
குழந்தைகள் மணல் அள்ளும் மஞ்சள் ஒன்று.
ஒவ்வொன்றிலும் ஆணியால் கீறியிருந்தது
பெயர், அடையாள எண், முகவரி,
எங்கே விட்டது, எத்தனையாம் ஏற்றத்தில் எங்கே கிடைத்தது.
மஞ்சள் வாளியில் கூடுதலாக ஒரு நண்டின் படம்.

மேலதிகாரி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.
'பெறப்பட்டது' முத்திரையை மையில் ஒற்றி
முதல் வாளியில் குத்தினேன்.
பிளாஸ்டிக்கில் மை பிடிக்கவில்லை, வழிந்தது.
சட்டைக் கையால் துடைத்தேன்.
இன்னும் அழுத்திக் குத்தினேன்.