ஆறாம் இடத்துப் புள்ளி

பெட்டி வந்தபோது மதியம் மூன்றே கால்.
நாற்பத்தேழு டிகிரி, கூடவே தூசிக் காற்று.
ஃபர்வானியாவிலிருந்து ஷுவைக் வருவதற்குள்
ஐஸ் பாதி தண்ணீராகிவிட்டது.
பைக்கில் கொண்டுவந்த நேபாளிப் பையன்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே மன்னிப்புக் கேட்டான்.
உன் தப்பில்லை, இந்தச் சரக்கு அப்படி,
சூடு தாங்காது, விரல் பட்டாலே உடையும் என்று
எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிப் பார்த்தேன்.
தண்ணீர் குடித்தான். போனான்.

குழாயில் ஒட்டிய பெயர் செல்லக்கண்ணு.
வயது நாற்பத்தொன்று, சாரம் கட்டுகிற வேலை.
ரத்தப் புற்று.
எலும்பு மஜ்ஜை, இரண்டு மில்லி.

முதலில் மரபணுவில் தேடியிருக்கிறார்கள்.
பட்டியலில் உள்ள பிழை ஒன்றும் அகப்படவில்லை.
மூலப்பத்திரம் சுத்தம்,
நகலைப் பாருங்கள் என்று எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நகல் என்றால் ஆர்.என்.ஏ.
அதில் எழுத்து மாறுவதில்லை,
அடினின் அடினினாகவே இருக்கிறது.
அதன் ஆறாம் இடத்தில்
ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்
வந்து உட்காரும், அவ்வளவுதான்.
புள்ளி வைக்க ஒரு புரதம். துடைக்க வேறொன்று.
படித்துவிட்டு, இது இருக்கட்டும், அதைக் கிழி
என்று சொல்ல இன்னும் சில.
இந்த மனிதரின் அணுக்களில்
புள்ளி வைக்கிறவனுக்குத் தூக்கமே இல்லை போலும்.
'வளர்' என்ற கடிதம்
படித்த கையோடு கிழிபட வேண்டியது.
கிழியாமல் கை மாறிக்கொண்டே இருக்கிறது.
போலும் என்றுதான் சொல்கிறேன்.
பார்த்தால்தானே தெரியும்.

குழாய் சுழன்றுகொண்டிருக்கையில்
இப்திஹால் கையுறைப் பெட்டியின் பின்புறம் எழுதினாள்:
இரண்டு பல், ஒரு தூண், கடைசியில் ஒரு படகு.
முதல் பல்லுக்குக் கீழே, அடுத்ததற்கு மேலே வைத்தால்
பனாத், மகள்கள்.
புள்ளிகளை இடம் மாற்றினால்
நபாத், செடி.
"எனக்கு இரண்டு செடி," என்றாள்,
"போர்ட் சூடானில், என் அக்காவிடம்."

பக்கத்திலேயே நான் ஒன்று எழுதினேன்.
எங்கள் ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்கள்,
ஆணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும்.
குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு.
அதனால் இந்தக் கீறலைக்
கொல் என்றும் படிக்கலாம், கோல் என்றும் படிக்கலாம்.
"ஊன்றிக்கொள்ளும் கோலா?"
அதேதான்.
"எது என்று யார் முடிவு செய்வார்கள்?"
படிக்கிறவர்.
அவள் ஒன்றும் பேசாமல் மூடியைத் திறந்தாள்.

ஐந்தரைக்குத் திரையில் படம் வந்தது.
இரண்டு சிகரம் எழும்ப வேண்டிய இடத்தில்
ஜஹ்ரா தாண்டியதும் கிடக்குமே, அந்த மாதிரித் தட்டைத் தரை.
முழுதும் சிதைந்துவிட்டது.

வார்டுக்குப் போன் போட்டேன், இன்னொரு முறை எடுக்கச் சொல்ல.
லிஜிமோள்தான் எடுத்தாள்.
ஏழாம் படுக்கை காலி, சேச்சி.
மதியமே கம்பெனி ஆள் வந்தாச்சு.
விசா கேன்சல், ராத்திரி திருச்சி விமானம்.

ஆள் அதே ஆள்தான்.
காலையில் பக்கவாட்டில் படுத்து
ஊசிக்கு முதுகு காட்டியவர்தான்.
தாளில் ஒரு முத்திரை விழுந்திருக்கிறது.

அவள் தந்த எண்ணில் ஒன்பதரைக்குப் பிடித்தேன்.
ஊரில் போனதும் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்,
ஐஸ் நிறைய வைக்கச் சொல்லுங்கள் என்று
குறித்து வைத்ததைப் படித்தேன்.
"சரிங்கம்மா. பரம்பரையா வர்றதாங்க? ரெண்டு பசங்க இருக்கானுவ."
நாங்கள் பார்த்தவரை இல்லை. எழுத்தில் பிழை தெரியவில்லை.
"அப்ப எங்கதான் இருக்கு?"
அதைப் படிக்கிற விதத்தில் இருக்கலாம்.
ம் என்றார், புரிந்ததற்கா புரியாததற்கா தெரியவில்லை.

பின்னால் ஒலிபெருக்கி,
அரபியில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம்,
யாரோ சேலா கானுவை
உடனே வாசலுக்கு வரச் சொன்னது.
மூன்று புள்ளியும் உதிர்ந்த பெயர்.

"என்னயத்தான் கூப்புடுறாங்களாம்மா?"

ஆமாம், உங்களைத்தான் என்றேன்.