ஒட்டுச் சீட்டு

பாரம் பாரமாக வந்திறங்கியது பஞ்சாங்கம்,
மாட்டுவண்டியில், வைக்கோலுக்கு மேல்,
தைக்காமல், ஓரம் வெட்டாமல்.
அறுநூறு பிரதி என்றது சீட்டு.
எண்ணினால் பதினொன்று குறைவு.
அச்சாபீஸ் முத்துக்குட்டியா பிள்ளை
என்றைக்குத்தான் சரியாக அனுப்பினார்.

கீழரத வீதியில் ஆறடி அகலம் என் கடை.
மறைப்புக்குப் பின்னால் கோமுவும் அவள் தங்கையும்
மடித்து, அடுக்கி, ஊசி குத்தித் தைப்பார்கள்.
பசையில் மயில்துத்தம் கலப்பவள் கோமு.
பங்குனி முழுக்க அவள் நகம் நீலம்.

விற்பது எண்சுவடி, கொலைச்சிந்து,
வைத்திய வாகடம், கோலப் புத்தகம்.
விற்காதது, வக்கீல் குமாஸ்தா ஒருவர்
சொந்தக் காசில் அடித்துத் தந்த அந்தாதி.
முந்நூறில் மூன்று போயிற்று.
ஒன்றை அவரே வாங்கினார், ஆள்விட்டு.
மிச்சத்தில் இப்போது
வீரையன் கடையில் புளி மடிக்கிறார்கள்.
தினமும் அவ்வழிதான் கோர்ட்டுக்குப் போகிறார்.
புளி வாங்குவதில்லை போலிருக்கிறது.

வைகாசியில் ஒரு மத்தியானம்
நயினார்குளத்து ஜோசியர் வந்து
நாற்பத்திரண்டாம் பக்கத்தில் விரலை ஊன்றினார்.
"என்னவே இது? அமாவாசை ஆடி ௧௩-ஆ?
பன்னிரண்டுல்லா!"

அச்சுப்பெட்டியில் ௨-ம் ௩-ம்
அடுத்தடுத்த அறை.
கோர்க்கிற பையன் கை தவறிப் போட்டிருக்கிறான்.
"ஒத்த எழுத்துக்கா இந்தப் பாடு" என்றார் பிள்ளை,
சீட்டு அடித்துத் தருவதற்கும் காசு கேட்டார்.

சுண்டுவிரல் நக அளவில் சீட்டு.
கடையில் கிடந்த நானூற்று நாற்பத்தொன்பதையும்
மூன்று ராத்திரியில் ஒட்டி முடித்தாள் கோமு.
விற்றுப்போன நூற்று நாற்பதுக்கு நான் கிளம்பினேன்,
சிரட்டையில் பசை, வெற்றிலைப் பையில் சீட்டு.

பேட்டை, சுத்தமல்லி, கோபாலசமுத்திரம்.
என்னைக் கண்டதும் வைக்கோற்படப்புக்குப் பின்னால்
ஒளிந்தார் ஒருவர், பாக்கி வசூல் என்று.
சேரன்மாதேவியில் ஒருவர்
தப்புக்கு அரையணா தள்ளச் சொன்னார்.
கல்லிடைக்குறிச்சியில் ஓர் அம்மாள்
மாடத்தைத் திறந்து காட்டினாள்:
மஞ்சள் தடவி, பூ வைத்து.
"நாங்க பிரிக்கதில்லை. நீரும் பிரிக்காதியும்."

கடனுக்குப் போனது எண்பத்தொன்று.
பேரும் ஊரும் ஏட்டில் இருந்தன.
ஆனி முடியுமுன் எல்லாரையும் பிடித்துவிட்டேன்.
கேட்ட விலையைக் கொட்டிவிட்டுப்
போனவர்கள் ஐம்பத்தொன்பது பேர்.
ரொக்கத்துக்குப் பேர் எழுதுகிற வழக்கம்
என் கடையில் இல்லை.

ஆடி பன்னிரண்டில் பாபநாசத்தில் கூட்டம் நெரிந்ததாம்.
நான் போனது பதின்மூன்று காலையில்.
படித்துறையெல்லாம் எள்ளும் வாழைப்பட்டையும்,
மீன்கள் மந்தமாய், வயிறு நிறைந்து.
வெயில் ஏறும்வரை நின்றேன்.
நாலு பேர் வந்தார்கள்.
அதில் கடுக்கன் போட்ட ஆளை எனக்குத் தெரிந்தது.
மாசியில் இரண்டணாவைத்
துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

முழுகி, தர்ப்பணம் விட்டு,
ஈர வேட்டியோடு மேலே ஏறினார்.
சொன்னேன்.
படித்துறையைத் திரும்பிப் பார்த்தார், கொஞ்ச நேரம்.
"அச்சடிச்சது தப்பாகுமா அண்ணாச்சி?"

சிரட்டையில் பசை காய்ந்து உரிந்திருந்தது.
மடியிலிருந்து இரண்டணா எடுத்து நீட்டினேன்.
வாங்கவில்லை.
"வாற வருசத்துக்கு வச்சிக்கிடும்.
நாளை மட்டும் சரியாப் போடும்."

ராத்திரி ஏட்டைத் திறந்தேன்.
விக்கிரமசிங்கபுரம் சொரிமுத்து.
முன்பணம் வரவு, அணா ௨.
எழுதிவிட்டு
கோமுவிடம் விளக்கைக் கிட்டே பிடிக்கச் சொல்லி
அது ௨ தானா என்று பார்த்தேன்.