பொனற்றுக்குக் கீழே

யாழ்ப்பாணத்தில் கார் வாங்க வருகிறவர்கள்
கதவைத் திறக்க முன்னம்
பொனற்றைத் திறக்கச் சொல்வார்கள்.
பல் டொக்டர் கேதீஸ்வரியும் சொன்னா.
திறந்தேன்.

உள்ளே ஒரு பிளாஸ்ரிக் தொட்டி.
கழுவித் துடைத்த குசினித் தொட்டி மாதிரி,
தண்ணி வடிய ஓட்டைகூட உண்டு.
"எங்கை அது?" என்றா.
இல்லை என்று சொல்லக் கூடாது.
கொழும்பில் இரண்டு நாள் பயிற்சியில் படித்தது அதுதான்.
"இடம், டொக்டர்" என்றேன்.
"இடத்தில என்ன வைக்கிறது?"
"விரும்பினதை."

நூற்றுப்பத்து வருசம் எஞ்சின் வார்த்த கொம்பனி.
சின்னத்தில் ஒரு பிஸ்ரன் இருந்தது;
இந்த வருசம் அதை மழித்துவிட்டு
வட்டத்தை மட்டும் விட்டிருக்கிறார்கள்.
தலைமையகத்துக் கடிதம் சொல்கிறது:
நாங்கள் ஒருபோதும் எஞ்சின் செய்யவில்லை,
பயணம்தான் செய்தோம்.
வாசித்து, துளை போட்டு,
ஒயில் கறை பிடித்த பழைய விலைப்பட்டியலுக்கு மேல்
கோப்பில் கோர்த்தேன்.

அவர்களுக்குத் தெரியாது,
தொண்ணூற்றிரண்டில், பெற்றோல் வராத நாட்களில்,
அவர்களின் கார் ஒன்று
கோண்டாவிலில் மண்ணெண்ணெயில் ஓடியது.
சேலைன் போத்தலில் இருந்து
நாலு சொட்டுப் பெற்றோலைக் காபுரேற்றருக்குக் காட்டி,
ஏமாந்து அது ஸ்ரார்ட் வந்ததும்
மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது.
போத்தலைப் பிடித்தது நான். எட்டு வயது.
பின் சீற்றில் பிள்ளைப்பேற்றுக்காரி ஒருத்தி
பல்லைக் கடித்தபடி.
கார் இருமிக்கொண்டு போனது. ஆனால் போனது.
கொம்பனியின் கைநூலில்
அந்தப் பக்கம் இல்லை.

டொக்டர் குனிந்து
தொட்டியை மணந்து பார்த்தா.
"கறன்ற் நிண்டால்?"
விடை இருந்தது:
கூரை, சூரியத் தகடு, பற்றரிக்கு எட்டு வருச உத்தரவாதம்.
"கறன்ற் மட்டுமோ நிக்கிறது?"
அதற்கு இருக்கவில்லை.

பண்ணைப் பாலத்தில் ஓட்டிப் பார்த்தோம்.
கண்ணாடியில் காற்று உரசுவது கேட்டது,
டொக்டரின் காப்பு கேட்டது,
மத்தியானம் சாப்பிடாத என் வயிறும் கேட்டிருக்கும்.
வேகம் குறைந்தால் மட்டும்
பம்பருக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் முனகும்,
நடக்கிறவர்கள் விலகட்டும் என்று.
திரையில் ஐந்து சத்தங்கள்.
மூன்றாவதின் பெயர் 'பாரம்பரியம்':
கைவிட்ட எஞ்சினை
கைவிட முன்னம் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்.
டொக்டர் அதை அமத்தினா.
கொஞ்சத் தூரம் கேட்டா.
"கட்டுப்பல்" என்றா.

கஸ்தூரியார் வீதியில் என் மனுசன் றெஜினோல்ட்
ஒயில் ஃபில்ற்றரும் ஸ்பார்க் பிளக்கும் விற்கிறான்.
போன மாதம் என்ர கொடியை ஈடு வைத்து
அறுநூறு ஃபில்ற்றர் இறக்கினான்.
இந்தக் காரில் மூன்று விற்றால்
கொடி மீளும்.
முப்பது விற்றால்
ஃபில்ற்றர் பெட்டியோடு கிடக்கும்.
அவன் கேட்பதில்லை, நான் சொல்வதில்லை.
இரவு இரண்டு பேரும்
மீன் விலை கதைப்போம்.

வெள்ளிக்கிழமை வந்து டொக்டர் கையெழுத்துப் போட்டா.
திறப்பை வாங்கினதும்
திரும்பவும் பொனற்றைத் திறக்கச் சொன்னா.
தொட்டிக்குள் இறக்கினது:
ஐம்பது யார் வயர் ஒரு சுருள்,
இரண்டு பிளக், ஒரு குறடு, கறுப்பு ரேப்.
"எங்கை இருக்கோ
அங்கையிருந்து இழுக்கலாம்."

உத்தரவாதம் அதற்குப் பொருந்தாது என்று
நான் சொல்லியிருக்க வேண்டும்.
பொனற்றை மெதுவாக மூடிவிட்டேன்.

சுவரில் இந்த மாத இலக்கு மூன்று.
ஒன்றை வெட்டினேன்.
வீட்டுக்குப் போகிற வழியில்
ஸ்கூட்டிக்குப் பெற்றோல் அடித்தேன்,
ஐந்நூறு ரூபாவுக்கு.