எட்டு மணி ரத்தம்

காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில்
வரச் சொல்லியிருந்தார்கள்.
ஆணின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன்
அந்த நேரம்தான் உச்சியில் நிற்குமாம்.

யோவ்னி எட்டுக்குச் சரியாக வந்தான்,
மூன்றாம் எந்திரத்தில் ஏழு மீட்டர் அகலத்துக்கு
ஓடும் ஈரக் காகிதம்
அறுந்துவிடாமல் இரவெல்லாம் காவல் இருந்துவிட்டு,
காதடைப்பைக் கழற்றவும் மறந்து.

“தூங்கி எழுந்து எவ்வளவு நேரமாச்சு?”
பதினேழு மணி நேரம்.
செவிலி ரீக்காவின் பேனா
காகிதத்துக்கு ஒரு விரல் மேலே நின்றது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வைகறை, காலை, நண்பகல்,
எற்பாடு, மாலை, யாமம்.
ஆறையும் மூன்றாக மடித்து
அட்டவணையாக ஒட்டியிருக்கிறது ஆலை.
இரண்டு காலை, இரண்டு மாலை, இரண்டு இரவு,
பிறகு நான்கு நாள்
உடம்பு தன் விலாசத்தைத் தேட.

ஜூன் மாதம், பொத்னியா வளைகுடாவில்
சூரியனும் இரவுப் பணிதான்.
நடுச்சாமத்தில் நீர் விளிம்பில் குந்தியபடி
வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று இழுக்கும்.
படுக்கையறை ஜன்னலுக்கு அவன்
அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறான்,
மீன் சுடுவதற்கு வாங்கியது.

ஹெல்யா பள்ளிச் சமையலறைக்கு
ஆறு மணிக்குக் கிளம்புவாள்.
அவள் படுத்த பள்ளத்தின் சூடு ஆறுமுன்
அவன் அதில் இறங்குவான்.
இரண்டு வருடமாக அந்தக் கட்டில்
குளிர்ந்ததே இல்லை.
அதில் எதுவும் நடந்ததும் இல்லை.
“களைப்பு” என்பான்.
“ம்” என்பாள், இரண்டு விதமாகவும்
எடுத்துக்கொள்ளும்படி.

எண் வந்தது. கீழ்க்கோட்டுக்கும் கொஞ்சம் கீழே.
கோட்டைப் போட்டவர்கள்
இரவில் தூங்குகிற ஆண்களை வைத்துப் போட்டார்கள்
என்று மருத்துவர் சொல்லவில்லை.
மறுபடி பார்க்கலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை ஆலையின் சவுனா.
ஆறு ஆண்கள், ஒரு துண்டுகூட இல்லை.
ஹாக்கி பேசினார்கள். முட்டிவலி.
பனியில் துளை போடும் புது எந்திரம், அதன் விலை.
ஒளிக்க இடமே இல்லாத அந்த அறையில்
இதை மட்டும் ஒளித்து வைத்திருந்தார்கள்.

அஹ்தி அகப்பையால் தண்ணீர் மொண்டு
கல்லில் விட்டான். திரும்பிப் பார்க்காமலே,
“உனக்கும் எட்டு மணிக்கா குத்தினாங்க?”

ஆவி வந்து எல்லா முகங்களையும் மூடியது.

“விடுப்பில் நாலாம் நாள் போ.
தூங்கி எழுந்த கையோட போ, மணி பார்க்காதே.
எனக்கு ரெண்டு ஏறிச்சு.”

மேல் பலகையில் யாரோ
இருமினார்கள்.
“எனக்கு ஒண்ணரை.”